நீளமாய் இரண்டு, குட்டையாய் ஒன்று

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிச் சங்குக்கு வந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அவர்கள் உட்கார்ந்த இடம் பின்வருமாறு. கடலைப் பார்த்த ஜன்னலோரம் முதல் மேசை, சுவர்ப் பக்கம் மஹ்ஜூபா. அவளுக்கு எதிரே காது கேளாத இஸ்ஸா. அதே மேசையின் கால்மாட்டில் அக்காள் தங்கை இருவர், ரஹ்மாவும் ஸொஹ்ராவும். பத்து வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை, ஆனால் இடம் பக்கத்துப் பக்கத்து இடம் என்பதால் தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். இரண்டாம் மேசையில் மேட்டுத் தெருப் பெண்கள் ஆறு பேர், நடுவில் ஓர் இடம் விட்டு; அந்த இடத்துக்காரி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மூன்றாம் மேசையின் முனையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், தனியாக ஒருத்தி.

அந்தக் கடைசிப் பெயரை எழுதாமல் கப்பூர் நோட்டை மூடினார். அது அவர் மனைவி யம்னா.

அவர் வாசல்காரர். சாஃபி துறைமுகத்துக்கு மேலே இருக்கும் அந்தச் சாளை மீன் டப்பா ஆலையில் இருபத்தாறு வருஷமாக வாசல்காரர். ஒன்பது வருஷம் ஆலை ஓடியபோது, பதினேழு வருஷம் ஆலை மூடிக் கிடந்தபோது. வாசலை ஒட்டிய இரண்டு அறைதான் வீடு. பழைய முதலாளி, ‘இரு’ என்று வாயால் சொன்னது; காகிதம் எதுவும் கிடையாது. யார் எப்போது வந்தார்கள், எங்கே போனார்கள் என்று நோட்டில் எழுதும் பழக்கம் மட்டும் ஆலை மூடியும் விடவில்லை. பல வருஷம் அந்த நோட்டில் பூனைகளைத் தவிர எழுத ஆளில்லை.

இப்போது ஆளுக்குக் குறைவில்லை. போன வருஷம் காஸாபிளாங்காவிலிருந்து ஒரு கூட்டம் வந்து கட்டடத்தை வாங்கியது. மேல் மாடியில் படம் வரைகிறவர்களுக்கு எட்டு அறை, உப்புக் கிடங்கில் நாடகக் கொட்டகை, மீன் வேகவைத்த கூடத்தில் புத்தகக் கடை, ஐஸ் அறையில் சாப்பாட்டுக் கடை என்று பிரித்தார்கள். மீன் அடுக்கும் கூடத்தில் இருந்த பளிங்கு மேசைகளைத் தூக்க எட்டு ஆள் போதவில்லை; ஒன்பதாவது ஆளைத் தேடுவதற்குள், “அப்படியே இருக்கட்டும், அழகா இருக்கு” என்று மதாம் சிஹாம் சொல்லிவிட்டார். அவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

சங்கு கூரையில் இருந்தது. கொதிகலன் போன பிறகு அதற்கு மூச்சில்லை. பழைய சத்தங்களைச் சேகரிக்கிறேன் என்று வந்த அனஸ் என்கிற இளைஞன், காற்றடிக்கும் மெஷினைக் கொண்டுவந்து அதில் மாட்டினான். வியாழக்கிழமை காலை, மூடுபனி இன்னும் துறைமுகத்தின் மேல் கிடந்த நேரத்தில், காதில் கருவியை வைத்துக்கொண்டு, “ஐயா, சும்மா ஒரு தடவ. அந்தக் காலத்துல எப்படி ஊதுவீங்களோ அப்படியே” என்றான்.

அந்தக் காலத்தில் துறைமுகத்தைச் சுற்றி முப்பது ஆலைக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊதல். படகு மீனோடு வந்துவிட்டால் எந்த நேரமானாலும் சங்கு ஊதும். தன் ஆலை ஊதலைக் கேட்டவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். கப்பூர் முற்றத்தில் தொங்கிய அதன் சங்கிலியைப் பிடித்தார். வேறு மாதிரி இழுக்க அவர் கைக்குத் தெரியாது. நீளமாய் இரண்டு, குட்டையாய் ஒன்று.

அனஸ் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தான். கப்பூரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மேட்டிலிருந்து ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது.

பனிக்குள்ளிருந்து முதலில் மஹ்ஜூபா வந்தாள். இடுப்பில் மெழுகுத்துணி, கையில் கத்திரி. பின்னால் மூச்சு வாங்க மற்றவர்கள். “மீனா அண்ணே?” என்று ஓடிக்கொண்டே கேட்டார்கள், பதிலுக்கு நிற்கவில்லை. இஸ்ஸாவுக்குக் காது செத்து எட்டு வருஷம். “நீ எப்படிட்டி வந்தே?” என்று யாரோ சைகையில் கேட்டதற்கு, “காலுக்குக் கேட்டுச்சு” என்றாள். கடைசியாக வாசல் வீட்டுக் கதவு திறந்தது. யம்னா கையைத் துடைத்துக்கொண்டே, புருஷனைப் பார்க்காமல், கூடத்துக்குள் நடந்தாள்.

புதுப்பிக்கப் பணம் கொடுக்கிற சங்கத்தார் ஆறு பேர், பதினொரு மணிக்கு ரபாத்திலிருந்து கட்டடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. வந்தார்கள். அதுவரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அந்த ஆலையில் அது சட்டம்: உட்கார்ந்தவள், வேலை முடிந்து விடுசங்கு ஊதும் முன் எழுந்தால் இடம் போய்விடும். மீன் வராத நேரத்தில் மேசையைக் கழுவி வைப்பதும் சட்டம். பதினொரு பெண்கள் பளிங்கைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பூர் விடுசங்குக்குச் சங்கிலியைத் தொட்டபோது மதாம் சிஹாம் அவர் கையைப் பிடித்து, “வேணாம், வேணாம், இருக்கட்டும்” என்று கிசுகிசுத்தார். வந்த ஆறு பேரும் கூடத்தின் நடுவில் நின்று பார்த்தார்கள். ஓர் அம்மாளுக்குக் கண் கலங்கியது. பிறகு கை தட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு கப்பூர் ஒரே நீளமாய் ஊதினார். பெண்கள் எழுந்து வெளியே வந்தார்கள். வாசலில் மஹ்ஜூபா நின்று, “படகு எப்ப அண்ணே?” என்றாள்.

“தெரியல.”

வாசல்காரன் வாய்க்குப் பழகின பதில் அது. முதலாளி இருக்காரா? தெரியல. சீசன் எப்ப? தெரியல. ‘இல்ல, மீன் கிடையாது, இனி வராது’ என்று சொல்லியிருக்க வேண்டும். நோட்டில் நேரத்தைக் குறித்தபோதுதான் அது உறைத்தது. அதற்குள் அவர்கள் மேட்டில் ஏறிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே மதாம் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், தேநீர் ஊற்றினார், சர்க்கரை போதுமா என்று கேட்டார். இத்தனை மரியாதை எதற்கோ முன்பணம் மாதிரி இருந்தது.

“அடுத்த வாரம் சனிக்கிழமை திறப்பு விழா. பெரிய ஆளுங்க வர்றாங்க. அன்னைக்கும் நீங்க ஊதணும் கப்பூர். அதே மாதிரி.”

“ஊதலாம் மதாம். முன்கூட்டியே பொம்பளைங்ககிட்டச் சொல்லிடுறேன்.”

“அதுதான் வேணாங்கிறேன். சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் கல்யாணத்துக்குப் போற மாதிரி கஃப்தான் போட்டு, கண்ணுக்கு மை வச்சிட்டு வந்து உக்காருவாங்க. அந்த ஓட்டம் வராது. இன்னைக்கு வந்தது நெசம். அத யாரும் சொல்லிக் குடுக்க முடியாது.”

“இன்னொரு வாட்டி ஏமாறுவாங்களா?”

“ஏமாத்துறது எங்க இருக்கு? நெசமாவே மீன் வாங்கறோம். பத்துக் கூடை. கூலியும் உண்டு. நீங்க பொய் சொல்ல வேணாம். வாசல்ல உங்களத்தான் கேப்பாங்க. ‘தெரியல’ன்னு சொன்னாப் போதும்.”

கப்பூர் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம் உங்க வீட்டப் பத்தியும் பேசணும்” என்றார் மதாம், அதே குரலில். மேசைமேல் வரைபடம் விரிந்திருந்தது. வாசல் வீடு இருந்த இடத்தில் ஒரு கோப்பை வரைந்திருந்தது. “அங்க காப்பிக் கடைன்னு போட்டிருக்கு. ஆனா வரைபடம் காகிதந்தானே. மாத்தலாம்.”

வீட்டுக்கு வந்த கப்பூர் எதுவும் சொல்லவில்லை. அவரைக்காய்க் கஞ்சியில் எண்ணெய் ஊற்றாமலே குடித்தார். யம்னா பார்த்தாள், கேட்கவில்லை. அவளும் கூடத்தில் நடந்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. தாதிப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்த மகள் வஃபா, புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, “இந்த வீட்ல இன்னைக்கு யாராவது செத்துட்டாங்களா?” என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி மூவரும் உட்கார்ந்து, மேலே இருந்த பூசணித் துண்டை யார் எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மஹ்ஜூபா வந்தாள். கையில் காகிதப் பொட்டலம்.

“வாக்கா, உக்காரு, கையக் கழுவு.”

“சாப்பிட்டேன் யம்னா. ஒரு வாய் போதும்.” சொல்லிக்கொண்டே நன்றாக நகர்ந்து உட்கார்ந்து உருண்டை பிடித்தாள். “அண்ணே, பழைய மெழுகுத்துணி நேத்து மடிப்புலேயே கிழிஞ்சு போச்சு. புதுசு வாங்கிட்டேன்.” பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். பச்சை நிறம். “பல் டாக்டர் வீட்டம்மாகிட்டயும் சொல்லிட்டேன். மாசக் கடைசியோட வரமாட்டேம்மா, எங்க ஆலை தொறக்குதுன்னு. மூஞ்சியப் பாக்கணுமே! பதினஞ்சு வருஷமா அவ வீட்டுப் படிய முட்டி போட்டுத் தொடச்சிருக்கேன். இனி அவளே தொடைக்கட்டும்.”

கப்பூர் பிடித்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார்.

“ஜன்னலோரம் என் இடம். வேற எவளுக்கும் குடுத்துராதீங்க அண்ணே.”

“இல்ல” என்றார் கப்பூர். எது இல்லை என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் போனதும் மதாம் சொன்னதை எல்லாம் சொன்னார். வரிசையாக, நோட்டில் எழுதுவது போல. சொல்லி முடித்தபோது கூஸ்கூஸ் ஆறிப்போயிருந்தது.

வஃபாதான் முதலில் பேசினாள். “ஊதிடுங்கப்பா. மீன் நெசம், கூலி நெசம். அவங்களுக்கு ஒரு நாள் கூலி வந்தா என்ன நஷ்டம்? எனக்குப் பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம். இத விட்டா எங்க போவோம்? மேட்டுல ஒரு ரூம் என்ன வாடகைன்னு தெரியுமா உங்களுக்கு?”

“மஹ்ஜூபா வேலைய விட்டுட்டாளே.”

“அதுக்கு நீங்களா விடச் சொன்னீங்க?”

“ஆமா” என்றார் கப்பூர். “நான் ஊதினேன்ல.”

யம்னா தட்டிலிருந்த காய்களை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கப்பூர் அவள் பக்கம் திரும்பினார். “நீ ஏன் போனே? மீன் இல்லன்னு உனக்குத் தெரியுமே. இங்கதானே குடியிருக்கே.”

“தெரியும். அடுப்ப அணச்சிட்டுத்தான் போனேன். அந்தளவுக்குப் புத்தி இருந்துச்சு. ஆனாலும் போனேன்.” கடைசிக் காயையும் ஒதுக்கிவிட்டு, “கை தட்டினாங்களே, அப்ப நான் குழாயத் தொறந்து மேசையக் கழுவிட்டிருந்தேன். யாருக்குத் தட்டுறாங்கன்னு திரும்பிப் பாத்தேன். எனக்குப் பின்னால யாருமில்ல.”

வெளியே காற்று, வாசல் தகரத்தைத் தட்டிவிட்டுப் போனது.

“சரி. நான் ஊதல” என்றார் கப்பூர். “முடியாதுன்னு சொல்லிடுறேன்.”

“நீங்க ஊதலன்னா? அந்தப் பையன் உங்க ஊதலப் பிடிச்சு வச்சிருக்கான்ல. பெரிய ஸ்பீக்கர்ல போட்டா நாங்க வித்தியாசம் கண்டுபிடிப்போமா? ஓடி வருவோம். வாசல்ல வேற எவனாவது நின்னு ‘தெரியல’ன்னு சொல்லுவான். வீடும் போகும், அவளுகளும் ஏமாறுவாளுக. நல்லாருக்கு உங்க ரோஷம்.”

“அப்ப என்ன செய்யணும்கிற?”

“மேட்டுக்குப் போய்ச் சொல்லுங்க.”

“நீயும் வா.”

“நான் வரல. ஊதினது உங்க கை. சொல்ல வேண்டியது உங்க வாய்.”

சனிக்கிழமை முழுவதும் கப்பூர் வாசலிலேயே நின்றார். இரண்டு முறை மேட்டுக்குப் புறப்பட்டு, ஒரு முறை தொப்பியை மறந்ததாகவும் ஒரு முறை வண்டி வருவதாகவும் சொல்லித் திரும்பினார். மதாம் சிஹாம் கார் கண்ணாடியை இறக்கி, “யோசிச்சீங்களா?” என்று சிரித்துவிட்டுப் போனார். சங்கிலியைப் பார்க்காமல் முற்றத்தைக் கடக்க அவர் படாத பாடுபட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனார். எந்த வேலையும் வரிசைப்படி செய்கிறவர். மேசை வரிசைப்படி பார்த்தால் முதல் வீடு மஹ்ஜூபா வீடு. முதல் முறையாக வரிசையை மாற்றினார். அவளைக் கடைசிக்கு வைத்தார்.

இரண்டாம் மேசைக்காரிகள் கேட்டுவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். ஒருத்தி மட்டும், “அதானே பாத்தேன், எங்க நேரத்துக்கு மீனாவது வர்றதாவது” என்று சிரித்தாள். ரஹ்மா, “இத ஸொஹ்ராகிட்டச் சொல்லிட்டீங்களா? சொல்லலன்னா சொல்லாதீங்க, கிடந்து ஓடட்டும்” என்றாள். ஸொஹ்ராவிடம் சொன்னபோது அவளும் அதையே கேட்டாள். இஸ்ஸாவிடம்தான் சிக்கல். சைகையில் மீன் காட்டினார், கையை விரித்தார். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். கடைசியில் காதருகே போய்க் கத்த வேண்டியதாயிற்று. “மீன் வராது! வேடிக்கை காட்டக் கூப்பிடுறாங்க!” தெருவில் ஜன்னல்கள் திறந்தன.

“அதுக்கு ஏன் கத்துறே?” என்றாள் இஸ்ஸா.

மஹ்ஜூபா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பச்சை மெழுகுத்துணி மடித்தபடி.

“இஸ்ஸா வீட்ல நீங்க கத்தினது துறைமுகம் வரைக்கும் கேட்டுச்சு. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “டாக்டர் வீட்டம்மாகிட்டப் போய் நான் பேசட்டுமா? தப்பு என்னோடதுன்னு.”

“வேற ஆள் வச்சாச்சு. நேத்தே வந்து படியப் பாத்துட்டுப் போனாளாம். சின்னப் பொண்ணு, முட்டி நல்லாருக்கும்.” மெழுகுத்துணியின் மடிப்பைத் தடவினாள். “‘தெரியல’ன்னீங்களே அண்ணே. ‘இல்ல’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே உங்கள நாலு வசவு வஞ்சிட்டுப் போயிருப்பேன்.”

“ஆமா.”

“இப்ப வைய வாய் வரமாட்டேங்குது.”

கப்பூர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கீழே ஆலைக் கூரையில் சங்கு தெரிந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த வாளி மாதிரி இருந்தது.

“வந்து சொல்லிட்டீங்க, வீட்டப் புடுங்கிருவாங்களே” என்றாள்.

“புடுங்கலாம்.”

“யம்னா என்ன சொன்னா?”

“அவதான் அனுப்பினா.”

மஹ்ஜூபா மூக்கைச் சிந்தினாள். “அந்த மதாம்கிட்டச் சொல்லுங்க. கூத்துன்னா கூத்துன்னு சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. பேரச் சொல்லி, வீட்டுக்குக் காகிதம் அனுப்பி. வருவேனா மாட்டேனான்னு அப்ப யோசிக்கிறேன். வந்தா கஃப்தான் போட்டுட்டுத்தான் வருவேன். கண்ணுக்கு மையும் வைப்பேன்.”

அன்று பிற்பகல் கப்பூர் நோட்டிலிருந்து தாள் கிழிக்காமல், கடையில் புதுத் தாள் வாங்கி எழுதினார். தேதி. மதிப்புக்குரிய மதாம் அவர்களுக்கு. வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிச் சங்குக்கு வந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அவர்கள் உட்கார்ந்த இடம் பின்வருமாறு. இடத்தை எல்லாம் எழுதி, கீழே எண் போட்டு எழுதினார்: ஒன்று, சங்கு என்னால் ஊதப்பட்டது. இரண்டு, மீன் வராது என்பதை இவர்கள் அனைவரிடமும் நேரில் சொல்லிவிட்டேன். ஆகையால் இனி யார் ஊதினாலும், எந்தப் பெட்டியில் ஊதினாலும், யாரும் ஓடி வர மாட்டார்கள். மூன்று, இவர்கள் வர வேண்டுமானால் விஷயத்தைச் சொல்லி, பெயர் எழுதி அழைக்கவும். நான்கு, இதனால் மஹ்ஜூபா என்பவருக்கு வேலை போயிற்று. திறக்கப்போகும் கட்டடத்தில் துடைக்கப் படிகள் உண்டு. ஆனால் அவர் முட்டி போட்டுத் துடைக்க மாட்டார், நீளக் கம்புள்ள துடைப்பம் வேண்டும்.

யம்னாவிடம் படித்துக் காட்டினார்.

“பத்துப் பேர்தான் வருது” என்றாள் அவள்.

“என்ன?”

“எண்ணிப் பாருங்க. பதினொண்ணுன்னு எழுதிட்டு, பத்துப் பேரு பேர்தான் இருக்கு.”

“நீ வீட்டாளு…”

“எனக்குந்தானே கை தட்டினாங்க. எழுதுங்க.” அவர் பேனாவை எடுத்ததும், “மூணாம் மேசை, குழாயோரம், யம்னா. வாசல் வீடு. அதையும் எழுதுங்க. எங்க குடியிருக்கேன்னு.”

எழுதினார். வஃபா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, இரண்டு இடத்தில் எழுத்தைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். “இருபத்தாறு வருஷமா இருக்கோம்னும் போடுங்க” என்றாள்.

திங்கட்கிழமை காலை தபாலாபீஸில் கூட்டமில்லை. கப்பூர் உறையின் ஓரத்தை நாக்கால் ஈரமாக்கி ஒட்டி, உள்ளங்கையால் நான்கு முறை தேய்த்துவிட்டு, ஜன்னலுக்குள் நீட்டினார்.

“பதிவுத் தபால். வாங்கினதுக்குக் கையெழுத்துச் சீட்டோட.”

குமாஸ்தா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பெறுநர் பழைய டப்பா ஆலை. அனுப்புநர் வாசல் வீடு, பழைய டப்பா ஆலை. என்ன பெரியவரே, ரெண்டும் ஒரே கதவுதானே?”

“ஒரே கதவுதான். நடுவுல முப்பது தப்படி தூரம்.”

“கையிலேயே குடுத்திருக்கலாமே.”

“கையில குடுத்தா பேசிட்டுப் போன மாதிரி ஆயிடும்.”

குமாஸ்தா தோளைக் குலுக்கிவிட்டு எழுதினான். முத்திரை இரண்டு முறை விழுந்தது, ஒன்று உறையில், ஒன்று சீட்டில். சீட்டைக் கப்பூர் எட்டத்தில் பிடித்துப் படித்தார். அனுப்புநர்: கப்பூர், வாசல் வீடு. சர்க்கார் காகிதத்தில் அந்த முகவரி வருவது அதுதான் முதல் தடவை.

“புதன்கிழம தபால்காரன் கொண்டு வருவான்” என்றான் குமாஸ்தா. “ஆனா வாசல்ல நிக்கறது நீங்கதானே? உங்க கையிலதான் குடுப்பான்.”

“குடுப்பான். நான் வாங்க மாட்டேன்” என்றார் கப்பூர். “மதாம் உள்ளதான் இருக்காங்க, போய்க் கையெழுத்து வாங்கிக்கன்னு வழி காட்டுவேன்.”

குமாஸ்தா உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டான்.